உப்பு போதவில்லை

எங்கள் கார் ஓட்டுரிமை வயதைத் தாண்டியது. திடீரென்று அது பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை, முன்னால் 'செக் என்ஜின்' விளக்கு. மெக்கானிக் போனட்டைத் திறக்காமலே, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். விலையைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்தான். மலிவாக இருந்திருந்தால் அவன் புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டான்.

ஆக்சிஜன் சென்சார் 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்த சமாச்சாரம். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டின்போது சொன்னேன். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கம்ப்யூட்டரிடம் சொல்வதுதான் அதன் வேலை. ரசத்துக்கு உப்பு பார்ப்பவர் மாதிரி. அவர் "போதல, போதல" என்றே சொன்னால் சமையல்காரர் கொட்டிக்கொண்டேதான் இருப்பார். ஸ்கேனரில் வந்த பி0171 என்ற கோடும் அதையே சொன்னது: பெட்ரோல் போதவில்லையாம்! ஆனால் செத்தது பார்ப்பவரின் நாக்கா, அல்லது கரண்டி வாய்க்குப் போவதற்குள் யாராவது தண்ணீர் கலந்துவிட்டார்களா?

அதுவரை டார்ச் செல்லை மட்டுமே சோதித்திருந்த மல்டிமீட்டரை எடுத்தேன். சென்சார் ஒயருக்குள் செருக மனைவியின் ஊக்கு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மனைவியே. அடுப்பில் பால் இருப்பதை அவள் நினைவூட்டிக்கொண்டே இருந்தாள். சென்சாரோ 300 டிகிரி சூடாகாமல் வாய் திறக்காத ஜாதி. நல்ல சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே ஊஞ்சலாட வேண்டும். எங்களுடையது 0.1-லேயே படுத்திருந்தது. "சட்டுனு மிதி!" என்றேன். முள் 0.8-க்குத் துள்ளியது.

"உயிர் இருக்கு!" என்று போனட்டுக்குள் தலையை விட்டபடி கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார்.

மறுநாள் காலை என்ஜின் சூடாவதற்குள் காதை வைத்துக் கேட்டால், மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்'. கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று புகுந்து புகையோடு கலக்க, சென்சார் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது. வெற்றி வீரனாக மெக்கானிக்கிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கரெக்டுதான் சார். கேஸ்கெட் சல்லிசுதான். ஆனா ஸ்டட்டெல்லாம் துரு. கழட்டும்போது ஒடிஞ்சா ஹெட்டையே இறக்கணும்." அதற்கு அவர் சொன்ன தொகையில் சென்சார் மூன்று வாங்கலாம்.

வீட்டில் விவரத்தைச் சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சென்சாரே செத்திருக்கலாம்" என்றாள்.