கடல் எழுதும் மெனு

கேள்வி: குடும்பமாக நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடைகளில் மெனு கார்டே இருப்பதில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், பிரம்மதேசம்

பதில்: கார்டு அச்சடித்துவிடலாம். வங்காள விரிகுடா அதற்குக் கட்டுப்பட வேண்டுமே! உங்களூருக்குக் கிழக்கே இருக்கும் மரக்காணம் கடற்கரையில் காலையில் வலையில் நெத்திலி வந்தால் மதியம் நெத்திலி வறுவல். சங்கரா வந்தால் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது பைபர் படகுக்காரர் கொண்டுவருவதுதான் மெனு. அந்த நாட்களிலும் 'எல்லா மீனும் இருக்கு சார்' என்று ஏசி ஓட்டலில் அடுக்கினால், பெரும்பாலும் அது ஐஸ் பெட்டியின் உபயம்.

குடும்பக் கடை என்றால் குட்டிக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். கோழிக்கோட்டில் 1939-இல் தொடங்கிய பாரகன் ஓட்டல் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. மீன் மாங்காய்க் கறிக்காக இன்றும் கூட்டம் நிற்கிறது.

நம் பக்கத்துக் கடையில் அடுப்படியை எட்டிப் பாருங்கள். புளிக்கரைசல் கொதித்து மிளகாய்த்தூள் வாசனை அடங்கிய பிறகுதான் மீன் இறங்கும். அப்புறம் கரண்டிக்கு வேலையில்லை. துணியால் சட்டியைப் பிடித்து ஒரே சுழற்று. துண்டு உடையாது. ஓட்டல் மாஸ்டர்களுக்கு இந்தப் பொறுமை கொஞ்சம் குறைவு.

ஒரே சங்கடம், புகார் சொல்ல ஆள் கிடையாது. 'உப்பு தூக்கல்' என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் தெரியும், முதல் சாப்பாடு அவர் சாப்பிட்டதுதான். அடுப்படியில் போய்ச் சொல்லும் தைரியம் அவருக்கே இல்லை, உங்களுக்காகவா சொல்லப்போகிறார்?