நீலக் குழாய்க்காரர்

ஊட்டியில் காருக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர் நீலகிரிக்காரராக இருக்க முடியாது. மலைமேல் இருக்கும்வரை அது கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் சாதனம், அவ்வளவுதான். சித்திரையில் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம் வரட்டும், கல்லாறு தாண்டும்போது அதன் அருமை தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறுதான் நம் கதாநாயகர் ஷெட்டைத் திறக்கும் நாள்.

ஊட்டியில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியிலோ ஏதாவது எஸ்டேட்டிலோ ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மங்கி கேப், மப்ளர், சட்டைப் பையில் டெஸ்டர். முப்பது வருஷம் டீத்தூள் சி.டி.சி. மெஷினை மேய்த்தவருக்கு மாருதி கார் எம்மாத்திரம்? மெக்கானிக் என்ற இனத்தின் மீதே அவருக்குத் தீராத சந்தேகம். "கேஸ் அடிக்க ஆயிரக்கணக்குல கேக்கறானுங்க தம்பி. டின் வெலை என்னன்னு நமக்குத் தெரியாதா?"

டின் கோவையிலிருந்து வந்திருக்கும். 134ஏ கேஸ், 450 கிராம். மலையேறும் செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர்க்காரர்களிடம் இ-பாஸ் வேறு. இந்த டின்னை மட்டும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. உள்ளே இருப்பது காற்றில் கலந்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்படியா? இன்னும் நாலு டின் வாங்கி வெச்சுக்கணும்" என்பார்.

முதலில் வேக்கம். கேஸ் ஏற்றுமுன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். யூடியூபில் சென்னைப் பையன் ஒருவன் கேஜ் முள்ளை 29 வரை இறக்கிக் காட்டுகிறான். இவர் முள் 23-இல் நின்றுவிட்டது. டூப்ளிகேட் பம்ப் என்று திருப்பி அனுப்பினார். மாற்றாக வந்ததும் அதே 23. கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார்.

பாவம், பம்ப் நிரபராதி. கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று கிட்டத்தட்ட 30 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மொத்தமே 23 அங்குலம்தான். இல்லாத காற்றை எந்தப் பம்ப் உறிஞ்சும்?

அடுத்து நீலக் குழாய். அது லோ பிரஷர் பக்கம். சிவப்புப் பக்கம் டின்னை மாட்டினால் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சிவப்புக் குழாயைத் தொடுவதும் இல்லை, சிவப்புக் கேஜைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் காலைக் குளிரில் டின்னிலிருந்து கேஸ் இறங்க மறுக்கிறது. பாத்ரூமிலிருந்து ஒரு பக்கெட் வெந்நீர் வெளியேறுகிறது.

"ஏனுங்க, குளிக்கறதுக்கு வெளாவி வெச்ச தண்ணிங்க அது!"

"இரு, டின்னு கொஞ்சம் சூடாகட்டும்."

"அது குளிச்சு முடிச்சதும் சொல்லுங்க. நான் அப்புறம் குளிச்சுக்கறேன்."

குளித்த டின் காலியாகிறது. நீல முள் அவர் மனசில் வைத்திருக்கும் எண்ணுக்கு ஏறவில்லை. குளிரில் இந்தக் கேஸின் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் முள்ளை நம்பாமல் எடை போட்டு ஏற்றச் சொல்கிறார்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் ஒரு டின்னே தாராளம்.

"அதெல்லாம் பிளெயின்ஸுக்குப் போட்ட கணக்கு தம்பி" என்று இரண்டாவது டின்னை உடைக்கிறார்.

மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு மட்டும் அவர் ஷெட்டில் இடமில்லை. கண்ணாடியில் ஆவி படியாத காலத்தில் மலைக்காரர்கள் மாதக்கணக்கில் ஏசியைப் போடுவதில்லை. கம்ப்ரஸர் சுற்றினால்தான் கேஸோடு ஆயிலும் ஓடி ஷாஃப்ட் சீலை நனைக்கும். சும்மா கிடந்தால் சீல் காய்ந்து கசியும். வாரம் ஒருமுறை சில நிமிஷம் ஓட்டினாலே போதும். "கேஸுன்னா குறையத்தான் செய்யும். வீட்டு சிலிண்டர் குறையலையா?" என்று அவர் கேட்கும்போது நமக்குப் பதில் வராது.

கல்யாண நாள். குன்னூர் வரை ஏசி பிரமாதம், ஜன்னலைத் திறந்தாலும் அதே குளிர்தான் என்பது வேறு விஷயம். பர்லியாரில் சுமார். மேட்டுப்பாளையத்தில் வெயில் காரின் தலைமேல் ஏறியதும் அளவுக்கு மீறிய கேஸ் திமிற, பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டது. பட்டுப்புடவைக்குள் வெந்துகொண்டிருந்த அம்மாள் சொன்ன வார்த்தைகள் கல்யாண மாதத்தில் எழுதத் தக்கவை அல்ல.

ரோட்டோரப் பட்டறைப் பையன் சோப்பு நுரை தடவிப் பார்த்து, "சீல் கசியுதுங்க ஐயா, ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றான். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று மறுத்துவிட்டார். பையன் மெஷினை மாட்டிக் கேஸ் முழுவதையும் வெளியே இழுத்து, ஸ்டிக்கரில் இருந்த கிராமுக்கு மட்டும் எடை போட்டு ஏற்றி அனுப்பினான். எந்த வெயில் வந்தாலும் சரி என்கிற மாதிரி ஜில்லென்று வீசியது.

பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் நம்மவர் பொருமிக்கொண்டிருந்தார்: "அநியாயத்தைக் கேளுங்க. நான் காசு போட்டு வாங்கின கேஸ். அதுல பாதிய எடுத்து வெச்சுகிட்டான். எடுத்ததுக்கு என்கிட்டயே காசு வாங்கறானுங்க!"