கடைசிப் பெயர் கட்டாயம்

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிறவர்களுக்கும் அவர்களுடைய தூக்கத்துக்கும் நடுவே நிற்பது நியூஜெர்சி. அங்கே இருக்கும் நம்மவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கடை இட்லி மாவை நினைத்து மனம் வெறுத்து, ஊரிலிருந்தே ஒரு கிரைண்டர் வரவழைத்தால் என்ன என்று போனை எடுக்கிற சாயங்காலம் ஏழு மணி, கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் விடியற்காலை நாலரை. நம் வீட்டில் ஓடும் 230 வோல்ட் கிரைண்டர் அங்கே ஓடாது. 110 வோல்ட் மோட்டார் போட்டுத் தனியாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்வீர்களா என்ற அந்த ஒரு கேள்விக்காக என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வருஷக்கணக்கில் நாலரை மணிக்கு எழுந்து 'செய்வோமுங்க' என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டிருந்தார். இணையதளத்தில் ஒரு தொடர்புப் படிவம் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று யார் சொல்லியிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். சொன்னது அக்கா. ஆகவே மறுநாளே ஒப்புக்கொண்டார்.

தளம் செய்துகொடுத்த தம்பி, ஏற்கெனவே தயாராக இருந்த ஒரு டெம்ப்ளேட்டை வாங்கிப் படத்தை மட்டும் மாற்றியிருந்தார். அமெரிக்கப் பல் மருத்துவர் யாருக்கோ செய்ததாக இருக்க வேண்டும். தொடர்புப் பக்கத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர், தெரு, நகரம், மாநிலம், ஜிப் கோடு, மின்னஞ்சல், 'உங்களுக்கு வலி எப்போதிலிருந்து?' என்று வரிசையாகக் கேட்டது. மாநிலப் பட்டியல் அலபாமாவில் தொடங்கி வயோமிங்கில் முடிந்தது. ஜிப் கோடு ஐந்து இலக்கம்தான் வாங்கும். 1972 முதல் ஆறு இலக்க பின்கோடு எழுதிப் பழகிய நாட்டில், கடைசி எண்ணை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் யார் போய்ச் சொல்வது?

இதெல்லாம் அரை மணி நேர வேலை. அலபாமாவை அனுப்பிவைத்தாயிற்று, வலியையும் எடுத்தாயிற்று. எடுக்க மனமில்லாமல் நான் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது கடைசிப் பெயரைத்தான்.

நம் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர். அதற்கு முன்னால் அப்பா பெயரிலிருந்து ஓர் எழுத்து. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த வால் ஒவ்வொன்றாகக் கழன்று விழத் தலைமுறைகள் ஆயின. இப்போது ஒரு டெம்ப்ளேட் வந்து, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, அதைத் திரும்பக் கொண்டுவா என்கிறது. கொண்டுவராவிட்டால் கிரைண்டர் விலை கேட்க முடியாது.

மக்கள் சமாளித்தார்கள். 'இல்லை' என்று எழுதியவருக்கு, 'அன்புள்ள திரு. இல்லை' என்று தானியங்கி நன்றி மடல் போனது. ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டுக் கடந்தவர்கள் உண்டு. முதல் கட்டத்திலும் பழனிசாமி, இரண்டாவது கட்டத்திலும் பழனிசாமி என்று எழுதியவர் எந்த வம்பும் வேண்டாமென்று நினைத்தவராக இருக்கும். ஒரு அம்மா, தன் அப்பா பெயரைப் போடுவதா கணவர் பெயரைப் போடுவதா என்று யோசித்து, இரண்டையும் போடப்பார்த்து, கட்டத்தில் இடம் போதாமல் மீதியைச் செய்திக் கட்டத்தில் தொடர்ந்திருந்தார். கிரைண்டரைப் பற்றி எழுத அவருக்கு அதற்குமேல் தெம்பு இல்லை.

பேட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலாளர் 2010இல், மனிதர்களின் பெயர்களைப் பற்றித் தன் தொழில்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கும் தப்புகளை நாற்பது வரியில் அடுக்கினார். எல்லாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பது அதில் ஒரு வரி. நாற்பதாவது வரி, மனிதர்களுக்குப் பெயர் இருக்கும் என்பதே. இதை மாமாவிடம் சொன்னேன். "பேரே இல்லாதவனுக்கு எதுக்குங் மாப்ள கிரைண்டரு?" என்றார். கடைசிப் பெயரை எடுத்துவிட்டோம்.

எடுத்த இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் பட்டறையில் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. கணக்குப் பார்ப்பவர் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டம் கேட்டார், பதினைந்து எழுத்தும் வரும்படி. சூப்பர்வைசர் டேபிள்டாப்பா டில்டிங்கா, எத்தனை லிட்டர், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்று மூன்று கட்டம் கேட்டார். மாமாவுக்கு வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தாக வேண்டும். தினமும் அரைப்பார்களா, வாரம் ஒருமுறையா? போடுவது இட்லி அரிசியா, ரேஷன் அரிசியா? கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம்தான் அவர் கேட்பார். ஆனால் அங்கே நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நடுநடுவே பேச்சு உங்கள் ஊர் எது, அங்கே இன்னாரைத் தெரியுமா என்று போய்த் திரும்பி வரும். அதே கேள்விகளை டீ இல்லாமல் கட்டம் கட்டிக் கேட்டால் அது போலீஸ் ஸ்டேஷன். நம் மக்களுக்குப் படிவம் என்றாலே ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் ஞாபகத்துக்கு வரும். கை தானாக ஜெராக்ஸ் எடுக்கக் காசு தேடும்.

கட்டம் கூடக்கூட விசாரணை குறைந்தது. கடைசியில் ஒன்றுமே வரவில்லை. மாமா அதைப் பார்த்து, படிவம் நன்றாக வேலை செய்கிறது, காலையில் போனே வருவதில்லை என்றார். அக்கா தலையிட்டுப் பெயர், வாட்ஸப் எண், மின்னஞ்சல், என்ன வேண்டும் என்று நாலு கட்டமாகக் குறைத்தாள். என்னைக் கேட்டால் எந்தச் சிறு தொழிலுக்கும் இந்த நாலு போதும். ஐந்தாவது கட்டம் கேட்கிறவர், அதில் வருவதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று முதலில் சொல்லட்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. ஆட்கள் நிரப்பினார்கள், திரையில் 'நன்றி, உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. மாமாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படிவம் செய்தியை சர்வரிலுள்ள அஞ்சல் நிரலிடம் கொடுக்கும், நிரல் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும், அந்த நிமிஷமே படிவம் நன்றி சொல்லிவிடும். மடல் போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு எங்கள் படிவம், எழுதியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. ஜிமெயில் முகவரி போட்ட மடல், மலிவு வாடகை சர்வர் ஒன்றிலிருந்து வந்து இறங்கினால், எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் தனக்குத்தானே சிபாரிசு எழுதிக்கொண்டு வருகிறவனைத் தாசில்தார் பார்ப்பதுபோல்தான் அஞ்சல் நிறுவனங்கள் பார்க்கும். இந்தப் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்று கேட்பது எஸ்பிஎஃப். மடலில் போட்ட முத்திரை சரிதானா, வழியில் யாரும் கை வைத்தார்களா என்று பார்ப்பது டிகேஐஎம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறார். ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தால், லாட்டரி விழுந்த செய்திகளுக்கு நடுவில் இருபது லிட்டர் டில்டிங் கேட்ட திருப்பூர் ஓட்டல்காரர் ஒருவர் நெடுநாளாகக் காத்திருந்தார். அதற்குள் வேறு இடத்தில் வாங்கி, மாவரைத்து, இன்னொரு கிளையும் திறந்துவிட்டார்.

வைத்தியம் சின்னது. அனுப்புநராக நம் சொந்த டொமைன் முகவரி, பதில் போகும் முகவரியாக வாடிக்கையாளருடையது, அஞ்சல் போவது எஸ்எம்டிபி என்ற முறையான வழியே. கூடவே, வரும் செய்திக்குத் தளத்திலேயே ஒரு பிரதி. ஜப்பான்காரரான தகாயுகி மியோஷி 2007இல் வெளியிட்ட காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற இலவச நிரல்தான் பல லட்சம் வேர்ட்பிரஸ் தளங்களில் ஓடுகிறது, மாமாவுடையது உட்பட. அது மடலை அனுப்பிவிட்டு மறந்துவிடும், எதையும் சேமித்து வைக்காது. சேமிக்க வேண்டுமானால் அவரே ஃபிளமிங்கோ என்று தனியாக ஒன்று செய்து வைத்திருக்கிறார். "கிரைண்டர் தனி, தேங்காய்த் துருவி தனி. நம்ம ஆளுங் மாப்ள!" என்று மாமா மகிழ்ந்தார். துருவியும் இலவசம்தான் என்றதும் அந்த மரியாதை குறைந்துவிட்டது.

மடல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் முதலில் ஒழுங்காக வந்தவை ரோபோக்கள். உங்கள் தளத்தை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்றார்கள், கூகுளில் எந்தப் பக்கத்திலும் தென்படாதவர்கள். ரஷ்ய எழுத்தில் நாலு பக்கம் வந்தது. கேட்காமல் வரும் விளம்பர மடலுக்கு முன்னோடி கேரி துர்க் என்பவர். டெக் நிறுவனத்தின் கணினிகளை விற்க 1978 மே 3 அன்று அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். வாங்கியவர்கள் கொதித்தார்கள். வியாபாரம் ஆனது என்று அவர் பிற்பாடு பெருமையாகச் சொன்னார். அந்த இரண்டாவது செய்தி பரவாமல் இருந்திருந்தால் நாம் தப்பித்திருக்கலாம்.

தடுக்க கேப்ச்சா வைத்தோம். 2000களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆனும் கூட்டாளிகளும் பெயர் சூட்டிய உத்தி. 2007இல் அவர் கொண்டுவந்த ரீகேப்ச்சாவில் நாம் தட்டிய கோணல்மாணல் சொற்கள் பழைய நூல்களையும் நாளிதழ்களையும் கணினியில் ஏற்ற உதவின. 2009இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. பிறகு சொல் போய்ப் படம் வந்தது. பொள்ளாச்சியில் உட்கார்ந்து இரண்டு லிட்டர் டேபிள்டாப் விலை கேட்க வந்தவரிடம், ஃபயர் ஹைட்ரன்ட் இருக்கும் படங்களையெல்லாம் தொடு என்றது. நம் தீயணைப்பு வண்டி தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தெருமுனையில் குட்டையாக நிற்கும் அந்தச் சிவப்புக் குழாயை எங்கே தெரியும்? வரிக்குதிரைக் கோடு போட்ட சாலையைக் காட்டு என்றது. கோட்டின்மேல் நடந்து சாலையைக் கடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பாதி வாடிக்கையாளர்கள் தாங்கள் மனிதர்கள் என்று நிரூபிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் கிடைத்தது தேன்குடம். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்து ஒரு கட்டம் வைப்பது. ஆள் அதை நிரப்ப மாட்டார். ரோபோ கட்டம் என்று எதைப் பார்த்தாலும் நிரப்பிவிடும். அது நிரம்பியிருந்தால் குப்பையில் போடு. ஒளித்து வைக்க எந்தக் கட்டம் என்று யோசித்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பழைய கடைசிப் பெயர்க் கட்டத்தையே கூப்பிட்டு ஒளித்துவைத்தேன். நம் ஆட்கள் ஒருத்தரும் ஒழுங்காக நிரப்பாத அதை ரோபோக்கள் ஒரு பிழையில்லாமல் நிரப்புகின்றன.

ஸ்பேம் குறைந்து மனிதர்கள் எழுதத் தொடங்கினார்கள். 'விலை?' என்று ஒரு சொல். 'ஹாய்.' 'கால் பண்ணவும்' என்று எழுதி ஒன்பது இலக்க எண். கல் கொத்தித் தருவீர்களா, பழைய கிரைண்டரை எடுத்துக்கொள்வீர்களா, பக்கத்துக் கடையில் முந்நூறு ரூபாய் குறைவாமே. பொறியியல் கல்லூரி மாணவர்கள் இன்பிளான்ட் ட்ரெய்னிங் கேட்டு மரியாதையாகப் பெரிய மடல் எழுதுவார்கள். மாமாவின் கணக்குப்படி பத்தி பத்தியாக எழுதுகிறவர் வாங்க மாட்டார், 'விலை?' என்பவர்தான் வாங்குவார். இதுவரை அந்தக் கணக்கு பொய்த்து நான் பார்க்கவில்லை.

பதில் எழுதுவதுதான் பாடு. மாமா எழுத மாட்டார், கூப்பிடுவார். காலை பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்து, சாமி கும்பிட்டு, இரவில் வந்ததைப் படித்து, உடனே கூப்பிடுவார். அப்போது நியூஜெர்சியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். "110 வோல்ட் இருக்குதுங்க!" என்று அவர் இங்கிருந்து சத்தமாகச் சொல்லும்போது அங்கே ஒரு குடும்பமே எழுந்து உட்காரும். கணக்குத் தீர்ந்தது என்பது அக்காவின் கருத்து.

'இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தருவோம்' என்று தானியங்கி மடலில் போடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் வைத்திருக்கிறோம், இரண்டு நாள் எதற்கு என்று மறுத்துவிட்டார். 'உடனே பதில்' என்று போடச் சொன்னார், போட்டேன். அதை நம்பி ஒருவர் மத்தியானம் ரெண்டரைக்கு எழுதியிருந்தார்: 'கடை வாசலில்தான் நிற்கிறேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. ஆள் இருக்கிறீர்களா?' மாமா மறுநாள் காலை அதைப் படித்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து போனை எடுத்தார்.