சாயங்காலம் ஏறுறது யாரு?

வாங்க சாரே, இப்படி உக்காருங்க. உங்க ஆபீசு பலகையில ஒரு சுற்றறிக்கை ஒட்டிருக்கீங்களாமே? எல்லாரும் சைக்கிள்ல வேலைக்கு வரணும், உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லதுன்னு. ரொம்ப சந்தோசம். அதை ஒட்ட வந்த பியூன் பைக்குல வந்தான், அது போகட்டும்.

எந்த ஊர்ல உக்காந்து எழுதுறோம்னு ஒருக்கா எட்டிப் பார்த்திருக்கலாம். மறையூரு 3,000 அடிக்கு மேல இருக்குது. காந்தலூரு அதுக்கும் மேல, 5,000 அடி. அங்கருந்து வர்ற பய காலையில பெடலையே மிதிக்காம வந்து சேருவான். பஸ் வரலைன்னு தினம் பதினோரு மணிக்கு வந்தவன் ஒம்பதே முக்காலுக்கே நாற்காலியில இருப்பான். உடனே திட்டம் ஜெயிச்சிருச்சுன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுறாதீங்க. சாயங்காலம் அதே ரோட்டை அவன் அண்ணாந்து பார்ப்பான் பாருங்க, அப்ப அவன் வாயில வர்றதை நான் திருப்பிச் சொல்லக் கூடாது.

அதனால இறங்குறதுக்குச் சைக்கிளு, ஏறுறதுக்கு ஜீப்பு. நம்மூர்ல ஜீப்புக்கா பஞ்சம்? மேல கேரியர்ல ஆறு சைக்கிளைப் படுக்கப் போட்டுக் கயிறு கட்டினா தீர்ந்துச்சு. வாடகையை ஆபீசு கொடுக்கணும். ஏன் சாரே, கூரையைப் பார்க்குறீங்க?

இறக்கம்னா சும்மா இல்ல. புதுசா வர்றவன் பிரேக்கைப் பிடிச்சது பிடிச்சபடியே வருவான். ரிம்மு சுட்டுப்போயி, ரப்பர் நாறும். விட்டு விட்டுப் பிடிக்கணும், முன்னும் பின்னும் சேர்த்து. முன்னாடி பிரேக்கை மட்டும் இறுக்கினா ஆளு முதல்ல வருவான், சைக்கிளு பின்னாடி வரும். பிரேக் கட்டை நாலு செட்டு, பஞ்சர் ஒட்டுற சாமான், ஒரு காத்தடிக்கிற பம்பு, இதெல்லாம் ஆபீசு அலமாரியில இருக்கட்டும். பழைய பைலைக் கொஞ்சம் தள்ளி வச்சா இடம் கிடைக்கும்.

காசைப் பத்தியும் சொல்லிப்புடுறேன். தபால்காரருக்கும் ரயில்வேக்காரருக்கும் டெல்லி சர்க்காரு சைக்கிள் படி கொடுக்குது. ஏழாவது சம்பளக் கமிஷன் அதைத் தூக்கிரலாம்னுச்சு. 2017ல சர்க்காரு தூக்காம, 90 ரூபாயை 180 ஆக்குச்சு. மாசத்துக்குத்தான் சாரே, நாளைக்கு இல்ல! இங்கிலாந்துல 1999ல இருந்து முதலாளியே சைக்கிள் எடுத்துக் கொடுத்து, சம்பளத்துல தவணையாப் பிடிக்கிறான். அதுல தொழிலாளிக்கு வரியும் குறையுது. நீங்க கொடுத்தது அறிவுரை. அதுக்குத் தவணையும் கிடையாது, வரியும் கிடையாது.

உங்க ஆபீசு அம்மாக்கள்ல எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும்னு விசாரிச்சீங்களா? புதுக்கோட்டையில 1991ல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோட சேர்த்துச் சைக்கிளும் கத்துக்கொடுக்க வச்சாங்க. வாங்குறதுக்குப் பேங்குக் கடனுக்கும் நெருக்குனாங்க. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க வண்டியேறுனாங்க. அந்தம்மா நோட்டீசு ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிருந்தா புதுக்கோட்டை அன்னைக்கும் நடந்துதான் போயிருக்கும்.

மழைக்குப் பயப்படாதீங்க. மூணாறுல கொட்டுறதுல நமக்குக் கொஞ்சம்தான் வரும், மலை மறைச்சிரும். ஐப்பசி, கார்த்திகையிலதான் பார்த்துப் போகணும். ஆனைக்கு மட்டும் பயப்படுங்க. தலையாறு ரோட்டுல அந்தக் காட்டானை படையப்பா நின்னா, பத்து மணிக்கு மேல கையெழுத்துப் போட முடியாதுன்னு அதுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. வெளிச்சம் வந்தப்புறம் கிளம்பட்டும், இருட்டுறதுக்குள்ள விட்டுருங்க. ஆனையால லேட்டுன்னு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் போட்டு வையுங்க. அப்புறம் மறையூருல இருக்குற ஆனையை விட ரிஜிஸ்டர் ஆனை அதிகமாயிரும், அதையும் நீங்கதான் பார்த்துக்கணும்.

வேர்த்து வர்றவன் மூஞ்சி கழுவ ஒரு குழாய், சட்டை மாத்த ஒரு மறைப்பு, வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டாய். அவ்வளவுதான் நான் கேக்குறது.

உங்க குவார்ட்டர்ஸ் கோவில்கடவுதானே? பக்கம்தான். பேரன் சைக்கிளு மாட்டுக் கொட்டாய்ல நிக்குது, காத்தடிச்சு வச்சிருக்கேன். கார் சாவியை இப்படி என் கையில கொடுத்துட்டுக் கிளம்புங்க சாரே.