கொசு மலையேறிவிட்டதா?

ஊட்டியில் கொசுவே கிடையாதாமே? (மேட்டுப்பாளையம் வாசகர்)

ரூம் போட்டுக் கொடுத்தவர் சொன்னாரா? 1901-இல் ஜைல்ஸ் என்ற விஞ்ஞானி 'அனாஃபிலிஸ் கிகாஸ்' என்ற கொசுவை உலகுக்கு அறிமுகப்படுத்தியதே குன்னூர்க் கொசுவை வைத்துத்தான். 'நீல்கிரிகஸ்' என்று மலையின் பெயரையே சூட்டிக்கொண்ட இன்னொரு கொசுவும் உண்டு. இவர்கள் ஸ்வெட்டர் இல்லாமலே வாழப் பழகிய மண்ணின் மைந்தர்கள்.

அப்புறம் ஏன் அங்கே மலேரியா அரிது? (குன்னூர் மாணவி)

கொசு இருந்தால் போதாது, அதன் வயிற்றுக்குள் கிருமி முற்ற வேண்டும். வெப்பம் ஏறக்குறைய 16 டிகிரிக்குக் கீழே போனால் கிருமி முற்றாது.

மலேரியாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு வந்தாராமே? (உதகை ஆசிரியர்)

1897-இல் விடுப்பில் வந்தார். சும்மா இருக்காமல் சீகூர் மலைப்பாதையில் இறங்கி, கல்லட்டிப் பக்கம் கொசு தேடினார். கொசுவும் அவரைத் தேடியிருக்கிறது. அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு.

எங்கள் தோட்டத்து ஓடை கண்ணாடி மாதிரி இருக்கிறது. கொசு வராதுதானே? (கூடலூர் வாசகர்)

சுத்தம் சோறு போடும். 'அனாஃபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ்' கொசுவுக்கும் போடும். மெல்ல ஓடும் தெளிந்த நீர், கரையோரம் புல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வயநாடு, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களை அந்தக் காலத்தில் காய்ச்சல் காடாக்கியதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

எங்கள் வீட்டுக்கு வருவது தடிக் கொசுவாக இருக்கிறதே? (அருவங்காடு இல்லத்தரசி)

அது ஆர்மிஜெரஸாக இருக்கலாம். செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். அதற்குத் தெளிந்த நீர் பிடிக்காது.

கொழுந்து பறிக்கும்போது பட்டப்பகலில் கடிக்கிறதே, அதற்கு ராத்திரி தூக்கமா? (கோத்தகிரி தொழிலாளி)

கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் அது ஏடிஸ் அல்போபிக்டஸ். அதற்குப் பகல் ஷிப்டுதான். மரப்பொந்து, பழைய டயர், வீசியெறிந்த கப் என்று ஒரு கை நீர் தேங்கினாலே முட்டையிடும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பக்கூடியது.

'தேயிலைக் கொசு'வும் இதன் உறவா? (சென்னை வாசகர்)

பெயரில் மட்டும்தான். அது கொசுவே அல்ல, இளந்தளிரில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. நம் ரத்தம் அதற்கு வேண்டாம்; டீ குடித்தே பிழைக்கும்.

கடிக்காத கொசு உண்டா? (கோவை வாசகர்)

ஆண் கொசு எல்லாமே சைவம். டாக்ஸோரிங்கைட்டஸ் இனத்தில் பெண்ணும் ரத்தம் குடிக்காது. மரப்பொந்திலும் மூங்கில் அடிக்கட்டையிலும் தேங்கும் நீரில் வளரும் அதன் புழுக்கள் மற்ற கொசுப் புழுக்களைத் தின்று தீர்க்கும். காட்டு இலாகா சம்பளம் கொடுக்காத ஊழியர்.

மொத்தத்தில் கொசுவை ஒழிக்க ஒரே வழி சொல்லுங்களேன்? (வெலிங்டன் வாசகர்)

ஒரே கொசு இருந்தால் ஒரே வழி சொல்லலாம். டயரைக் கவிழ்க்கலாம், டேங்கை மூடலாம், ஓடைக் கரைப் புல்லைச் சீவலாம். சோலைக்காட்டு மரப்பொந்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே நம்ம ஆள் டியூட்டியில் இருக்கிறார். புகை மருந்து கேட்டு நகராட்சிக்கு மனுப் போடுமுன், எந்தத் தண்ணீர் என்று பார்த்து எழுதுங்கள்.