குடும்பத்தைக் கெடுப்பவர் யார்?

கேள்வி: அடிபடும் பெண்ணுக்குத் துணை நின்றால், 'குடும்பத்தைக் கெடுக்க வந்துட்டாங்க' என்கிறார்களே?
– ஒரு வாசகி, மஞ்சூர்

பதில்: தீப்பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்ற வந்தவரிடம், 'தரையை ஈரமாக்கிட்டியே' என்று சண்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். நீங்கள் ஊற்றுங்கள்!

எஸ்டேட் லைன் வீடுகளில் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு ஆயுசு' என்பார்கள். அதே சுவர் வழியாக அலறல் கேட்டால் மட்டும் எல்லாருக்கும் காது அடைத்துவிடுகிறது. பயம்தான் காரணம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்தப் பயத்துக்கும் மருந்து வைத்திருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் பாயாது. வீடு கணவர் பெயரிலேயே இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு. இதை லைன் லைனாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி, டேவா பழங்குடிப் பெண்களும் அடிபடுபவருக்குத் துணை நிற்கும் இதே வேலைக்காகக் கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். பழங்குடியல்லாத வெளியாள் அடித்தால் பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கே நடத்த முடியாது என்றது அங்கே 1978 தீர்ப்பு. குடும்ப வன்முறைக்காவது அந்தக் கதவு திறக்க 2013 ஆனது. நம் கையில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

இரவு பகல் எந்நேரமும் பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம், கட்டணமில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், 'தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தேன்' என்று அவரைச் சொல்லவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை கோர்ட்டில் அது பேசும்.