வெளுத்த விரலுக்கு ஏற்ற ஊர்

டொராண்டோவில் விரல் வெளுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மைனஸ் இருபதில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று வெளுத்தோ சிவந்தோதான் இருக்கும். மதுரையில், அதுவும் மே மாதத்தில் வெளுத்தால்தான் ஊர் கூடுகிறது. ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரின் நான்கு விரல்கள் நடுக்கணு வரை ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போக, கூட வந்த பெரியம்மா புடவையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்தார். "என்னடி இது, கை செத்துப்போன மாதிரி இருக்கு?" என்றார். பதறிய விற்பனைப் பெண் ஓடிப்போய் ஒரு டம்ளர் ஐஸ் போட்ட ரோஸ் மில்க் கொண்டுவந்து அதே கையில் கொடுத்தார்.

கைக்குச் சொந்தக்காரர் வங்கித் தணிக்கையாளர். பெயரைப் போட வேண்டாம் என்கிறார். விரல்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமாம். மதுரையில் பிறந்து, டொராண்டோவில் வேலை பார்த்து, சிங்கப்பூருக்கு மாறி, இப்போது சென்னையில் இருக்கிறார். விரல்களுக்கு இருப்பது ரேனாட் பாதிப்பு. குளிர் பட்டால் விரலுக்குப் போகும் சிறு ரத்தநாளங்கள் இறுக மூடிக்கொள்ளும். முதலில் வெள்ளை. உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்ச ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம். நாளம் மறுபடி திறந்து ரத்தம் பாயும்போது சிவப்பு. கூடவே குத்தலும் எரிச்சலும். 1862இல் பாரிஸில் தன் மருத்துவ ஆய்வேட்டில் இதை விவரித்த மோரிஸ் ரேனாட் பிரெஞ்சுக்காரர். நோயாளியின் விரலில் தேசியக் கொடியின் மூன்று நிறமும் வந்ததே என்று அவர் மகிழ்ந்திருக்கலாம், ஆனால் வரிசை இடிக்கிறது. பிரெஞ்சுக் கொடி நீலம், வெள்ளை, சிவப்பு. வெள்ளை, நீலம், சிவப்பு என்று மேலிருந்து கீழே வருவது ரஷ்யக் கொடி.

உடம்பு இப்படிச் செய்வதில் நியாயம் இருக்கிறது. குளிரில் தோலுக்கும் விரல் நுனிக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து, சூட்டை இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றுக்காகச் சேமிப்பது எல்லா உடம்பிலும் நடப்பதுதான். ரேனாட் உள்ளவரின் உடம்பு, கோடை வரப்போகிறது என்று செய்தித்தாளில் படித்ததுமே குடித்தனக்காரர்களின் தண்ணீர் வால்வை மூடிவிடும் வீட்டுக்காரரைப் போல நடந்துகொள்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். மாடியில் இருப்பவர் குளித்து முடித்திருக்க மாட்டார். நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடைவதே காரணம் என்று ரேனாட் நினைத்தார். 1920களின் இறுதியில் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் பரிசோதித்துப் பார்த்து, கோளாறு விரலின் நாளத்திலேயே இருக்கிறது என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதுதான் இன்றைய நிலை. கட்டைவிரல் மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். மற்ற நான்கும் வெளுத்துக் கிடக்க, அது ஒன்று மட்டும் தன் நிறத்தில் நின்று, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்.

நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பெண்களுக்கே அதிகம். பெரும்பாலோருக்கு வேறு நோய் எதுவும் இல்லாமல், பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தானாக வரும். சிலருக்கு லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களின் முதல் அறிகுறியாக வரும் என்பதால், ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, நகக்கண் ஓரத்து நுண்நாளங்களையும் உருப்பெருக்கியில் பார்த்துவிடுவது மருத்துவர்களின் வழக்கம். நம்மவருக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை.

குடும்பத்தாருக்கு அது ஏமாற்றமாகிவிட்டது. அவர்கள் ரத்தசோகை என்று முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களில் பெண்ணுக்குத் தலை சுற்றினாலும், முடி கொட்டினாலும், கணக்கில் மதிப்பெண் குறைந்தாலும் காரணம் ரத்தசோகை, மருந்து முருங்கைக்கீரை. ஹீமோகுளோபின் 13 என்று வந்த அறிக்கையை மாமியார் இரண்டு தடவை படித்துவிட்டு, "லேப்ல மாத்திப் போட்டிருப்பாங்க" என்று சொல்லி, பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்தார்.

டொராண்டோவுக்குப் போவதாகச் சொன்னபோது எல்லாரும் பயமுறுத்தினார்கள். போன பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த ஊர் குளிரை நம்பவில்லை. வாசலுக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் தாண்டி வரும் குளிர் இரண்டாவதைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். நகரின் மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் தரைக்கு அடியிலேயே நடந்து போக 30 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. காரின் ஸ்டீயரிங்கிலேயே சூடேற்றும் வசதி வைக்கிறார்கள். கையுறை விஷயத்தில் விற்பனையாளர்களே ஆசிரியர்கள். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வைத்த உறை அழகுக்கு. நான்கு விரலும் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொள்ளும் உறைதான் குளிருக்கு. அதற்குள்ளே போட்டுக்கொள்ளச் சிறு பொட்டலங்கள் கிடைக்கும். இரும்புத் தூள், உப்பு, கரித்தூள் கலந்தது. உறையைப் பிரித்ததும் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். துருப்பிடிக்கும்போது வரும் சூடு பல மணி நேரம் நிற்கும். 1970களின் இறுதியில் ஜப்பானில் பரவிய சரக்கு அது. தன் கோட்டுப் பையில் எப்போதும் ஏதோ ஒன்று துருப்பிடித்துக்கொண்டே இருந்தது என்கிறார்.

ஆக, பனியில் அவருக்குப் பெரிய தொந்தரவு வரவில்லை. வந்த இடம் நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்த தமிழ் மளிகைக் கடை. அங்கே துருவிய தேங்காய், நறுக்கிய முருங்கைக்காய், பரோட்டா, வஞ்சிர மீன் எல்லாம் உறைந்த நிலையில் பெரிய பெட்டிக்குள் கிடக்கும். ஊர் ஞாபகம் முழுவதும் மைனஸ் பதினெட்டில்! கோட்டையும் உறையையும் கழற்றிவிட்டு, தேங்காய்ப்பூவைத் தேடி அடியில் கைவிட்டவர் நான்கு வெள்ளை விரல்களோடு நிமிர்ந்தார். குளிரின் அளவு மட்டுமல்ல, சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று தாவுவதும் இந்த நாளங்களை மிரள வைக்கிறது. இது தெரிந்த பிறகு தேங்காய் எடுப்பது கணவரின் இலாகாவானது.

இதற்கு முதலுதவியாக மருத்துவர்கள் சொல்வது எளிமையானது. வெதுவெதுப்பான நீரில் கையை வைக்கலாம். கொதிநீர் கூடாது, மரத்த விரலுக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும். தண்ணீர் இல்லையென்றால் கையை முழுசாக நீட்டிக் காற்றாடி இறக்கையாகச் சுழற்ற வேண்டும். சுழலும் விசையில் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பேருந்து நிறுத்தத்தில் நின்று அவர் சுழற்றியதில், அந்த நிறுத்தத்தில் நிற்கவே தேவையில்லாத ஒரு பேருந்து நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநர் கோபப்படவில்லை. கனடாக்காரர், அவரே மன்னிப்புக் கேட்டார்.

குளிர் ஊரைப் பற்றி இப்படிப் புகழ்ந்தால் ஆய்வாளர்கள் ஒப்ப மாட்டார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டனையும் பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள டாரன்டேஸ் பள்ளத்தாக்கையும் 1990களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிரான அந்தப் பள்ளத்தாக்கில்தான் ரேனாட் மிக அதிகம். அதிர்வுக் கருவிகளால் வரும் விரல் வெளுப்பிலும் குளிருக்குப் பங்கு உண்டு. இண்டியானாவின் பெட்ஃபோர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிர் காலைகளில் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் நேரில் போய்ப் பதிவு செய்தார். ஒரு கையால் சுத்தியலையும் மறு கையால் உளியையும் பிடிப்பவர்களுக்கு, உளி பிடிக்கும் கையே மோசமாகப் பாதிக்கப்பட்டது. வெப்ப நாடுகளில் அதே வகைக் கருவிகளைப் பிடிப்பவர்களிடம் விரல் வெளுப்பது அரிதாகவே காணப்படுகிறது. ஜவுளிக்கடையின் மே மாதத்தைச் சொல்லி மறுக்கலாம் என்றால், ஒரு பெரியம்மாவின் சாட்சியம் மருத்துவ இதழ்களில் எடுபடாது.

ஆனாலும் நம்மவர் சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. குளிர் நாட்டில் குளிர் வரி மாதிரி: யாரும் விரும்பிக் கேட்பதில்லை. வெப்ப நாட்டில் அது உபசாரம். வந்தவருக்கு முதலில் தருவது குளிர்ந்த நீர். மரியாதை கூடக்கூட ஏசியின் எண் குறையும். சிங்கப்பூரில் இதற்கு வரலாறே உண்டு. கடந்த ஆயிரம் ஆண்டுகளின் சிறந்த கண்டுபிடிப்பு எது என்று 1999இல் கேட்டபோது நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ ஏசியைத்தான் சொன்னார். பிரதமரானதும் அரசு அலுவலகக் கட்டடங்களில் அதைப் பொருத்தியது தன் ஆரம்ப வேலைகளில் ஒன்று என்றும் பின்னர் கூறியிருக்கிறார். அந்த அலுவலகங்களில் உட்கார்ந்து வேலை செய்து நாடு உயர்ந்தது உண்மை. நம்மவர் அதே வகைக் குளிரில், தோளில் சால்வையும் மடியில் இன்னொரு சால்வையுமாக, வெளியே 32 டிகிரியில் வேர்த்துக்கொண்டிருக்கும் ஊரை ஜன்னல் வழியே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, சிங்கப்பூர்ல ஸ்வெட்டர் போடற ஒரே ஆள் நீங்கதான்" என்று கிண்டலடித்த அலுவலகத் தம்பியை அழைத்துக்கொண்டு தளத்தைச் சுற்றி வந்தார். பெண்களில் பாதிப்பேரின் நாற்காலியில் ஒரு மேலங்கி தொங்கியது. அலுவலக வெப்பநிலைக்கான கணக்கில், 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் உண்டாக்கும் சூடே 1960களிலிருந்து அளவுகோலாக இருந்துவருகிறது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். அந்த எழுபது கிலோக்காரர் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நம்மவருக்கு ஆசை. அதுவரை மதியம் மூன்று மணிக்குக் கீழே இறங்கி, தே ஹாலியா என்னும் இஞ்சி டீயை ஒரு கோப்பை வாங்கிக்கொள்வார். குடிப்பது அரை கோப்பை, மீதி பிடித்துக்கொள்ள.

சென்னைக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். தமிழர்கள் குளிருக்குப் பயப்படாதவர்கள் இல்லை. மார்கழியில் 21 டிகிரிக்கு மஃப்ளர், குரங்குக் குல்லாய், காதில் பஞ்சு எல்லாம் வெளியே வந்துவிடும். நம் பயம் முழுவதும் காதுக்கே. விரல்களைப் பற்றி ஒரு பாட்டியும் எச்சரித்தது இல்லை. அதே குரங்குக் குல்லாய்க்காரர்தான் ஏப்ரலில் ஏசியை 18இல் வைத்து, மேலே ரஜாய் போர்த்தித் தூங்குவார். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள வீட்டு ஏசிகளை 24 டிகிரி முன்னமைப்போடுதான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நல்ல விதி. ரிமோட்டில் கீழ்நோக்கிய அம்பு இருக்கும்வரை அதன் ஆயுள் ஒரு நிமிடம்.

குளிர் இல்லாமலும் விரல் வெளுக்கும். மனப் பதற்றம் போதும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் நேரத்தில் விரல் வெளுத்து, எதிரே இருக்கும் கிளை மேலாளர் தன்னைவிடத் தணிக்கையாளர் பயந்திருப்பதைப் பார்த்துத் தெம்படைந்தது உண்டு. ஒரு மருத்துவமனையில் காய்ச்சலுக்குப் போனபோது, ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை நர்ஸ் அவர் ஆள்காட்டி விரலில் மாட்டினார். அந்தக் கருவிக்கு விரலில் நாடித்துடிப்பு வேண்டும். மூடிக்கொண்ட நாளத்தில் அது கிடைக்காது. திரையில் வெறும் கோடுகள். நர்ஸ் அடுத்த விரலுக்கு மாறினார், அதுவும் கோடு. நோயாளி அதற்குள் இன்சூரன்ஸ் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டிருந்தார். "மேடம், கொஞ்சம் பேசாம இருங்க, உங்களுக்கு மூச்சே காட்டல" என்றார் நர்ஸ். கடைசியில் காப்பாற்றியது கட்டைவிரல்: 98.

மருந்து இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் நாளங்களைத் தளர்த்தும். தலைவலி, கணுக்கால் வீக்கம் கூடவே வரலாம். சளிக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சில, நாளங்களைச் சுருக்கி நிலைமையை மோசமாக்கும். புகையும் அப்படியே. மிகக் கடுமையான நிலையில் சில்டெனாஃபில் தருவதும் உண்டு என்று மருத்துவர் சொன்னார். வயாகரா என்ற பெயரில் உலகம் அறிந்த அதே மருந்து. நம்மவருக்கு அவ்வளவு கடுமை இல்லை என்பதில் அவரைவிட நிம்மதியடைந்தவர் அப்பா. மதுரையில் மகளுக்கு மருந்து வாங்கப் போகிறவர் அவர்தான். கடைக்காரர் அவருக்குப் பள்ளித் தோழர்.

போன மாதம் சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ஸ்லீப்பர் பேருந்து. அவருடைய படுக்கைக்கு நேர் மேலே ஏசி துவாரம். அதன் மூடி உடைந்திருந்தது. செங்கல்பட்டுக்குள் விரல் வெளுத்துவிட்டது. கைக்குட்டையை வைத்து அடைத்தார், விழுந்தது. வார இதழைச் சுருட்டிச் செருகினார், அதன் வழியாகவும் காற்று வந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டு, ஏசியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

"ஏசிக்குத்தானே மேடம் காசு குடுத்தீங்க?" என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு. அதற்குள் மூன்றாவது படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணே, ஏசியே வரலண்ணே, கூட்டி வைங்க." கூட்டி வைத்தார்.